ஸ்மெதிக் தேர்தலும் பிரித்தானியக் குடியேற்ற அரசியலும்: ஓர் அளவுகோல் பற்றிய மறுபார்வை

பிரித்தானியத் தேர்தல்களில் இனவாதத்தின் செல்வாக்கை மதிப்பிடுவோர் பலரும் தீவிர வலதுசாரிக் கட்சிகள் பெற்ற வாக்குகளையே அளவுகோலாகக் கொள்கின்றனர். 1979 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி முந்நூறுக்கும் மேற்பட்ட வேட்பாளர்களை நிறுத்தியும் ஓரிடத்திலும் வெல்லவில்லை. எனவே இனவாதம் தோற்றது என்பர். இவ்வளவுகோல் போதாது என்பதை ஸ்மெதிக் தொகுதியின் வரலாறு காட்டுகிறது.

பர்மிங்காமை ஒட்டிய இத்தொழில் நகரின் வார்ப்படத் தொழிற்சாலைகளில் பஞ்சாபியர் பலர் பணியாற்றினர். 1964 தேர்தலில் நாடெங்கும் வாக்குகள் தொழிற்கட்சியின் பக்கம் சாய, ஸ்மெதிக்கிலோ ஏறத்தாழ 7 விழுக்காடு எதிர்த்திசையில் பெயர்ந்தன. வெளியுறவு அமைச்சராவார் என எதிர்பார்க்கப்பட்ட பேட்ரிக் கார்டன் வாக்கர், கன்சர்வேடிவ் வேட்பாளர் பீட்டர் கிரிஃபித்ஸிடம் தோற்றார். கறுப்பினத்தவரை அண்டைவீட்டாராக விரும்புவோர் தொழிற்கட்சிக்கு வாக்களிக்கட்டும் என்னும் இழிமுழக்கம் அங்கு உலவியது. அதைக் கண்டிக்க கிரிஃபித்ஸ் மறுத்தார். பிரதமர் வில்சன் அவரை நாடாளுமன்றத் தொழுநோயாளர் என்று சாடினார் (அவ்வுவமையே இன்று நெருடுகிறது). 1966இல் தொழிற்கட்சியின் ஆண்ட்ரூ ஃபால்ட்ஸ் தொகுதியை மீட்டார்.

பலர் கதையை இங்கே முடித்துவிடுகின்றனர். ஆனால் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்ததே முதன்மையானது. 1962ஆம் ஆண்டின் காமன்வெல்த் குடியேற்றச் சட்டத்தைக் கெய்ட்ஸ்கெல் தலைமையில் கடுமையாக எதிர்த்த அதே தொழிற்கட்சி, 1965 ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளையறிக்கையில் வேலைவாய்ப்பு அனுமதிச் சீட்டுகளை ஆண்டுக்கு 8,500 எனக் குறைத்தது. தொகுதியை மீட்கும் முன்பே கொள்கையை விட்டுக்கொடுத்தாயிற்று.

இனோக் பவல் 1968 ஏப்ரல் 20 அன்று பர்மிங்காமில் ஆற்றிய உரையே திருப்புமுனை என்ற கருத்தும் இவ்வகையில் மறுபரிசீலனைக்குரியது. கென்யாவிலிருந்து வந்த ஆசியர்களின் பிரித்தானியக் கடவுச்சீட்டை ஏறக்குறைய பயனற்றதாக்கி, பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டி வழித் தொடர்பை நுழைவுக்கு நிபந்தனையாக்கிய சட்டம், அவ்வுரைக்கு ஏழு வாரங்களுக்கு முன்பே, சில நாள்களில் அவசரமாக நிறைவேறியது. அதன்பொருட்டுப் பவலும் டங்கன் சான்டிஸும் முன்னரே அழுத்தம் தந்தனர் என்பது உண்மை. ஆயினும் சட்டமியற்றியது தொழிற்கட்சி அரசே.

தேசிய முன்னணியின் 1979 தோல்வியையும் இப்பின்னணியிலேயே வாசிக்க வேண்டும். 1978 ஜனவரியில் மார்கரெட் தாட்சர், அயற்பண்பாட்டினரால் தாம் மூழ்கடிக்கப்படக்கூடும் என மக்கள் அஞ்சுவதாகத் தொலைக்காட்சியில் கூறினார். அவ்வச்சத்தை ஆட்சிக்கு வரவல்ல கட்சியே ஏற்ற பிறகு, சிறுகட்சிக்கு வாக்களிக்க வேண்டிய தேவை பலருக்குக் குறைந்தது எனக் கருதலாம். தாட்சர் அரசு 1981இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம் 1983 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின், பிரித்தானிய மண்ணில் பிறந்தமை மட்டுமே குடியுரிமைக்குப் போதுமானதாக இல்லை.