தாங்காத தூண்கள்

புதுமனைகளின் வரவேற்பறைகளில் செதுக்கிய மரத்தூண், பித்தளைக் குடம், வெற்றிலைப் பெட்டி, பல்லாங்குழி ஆகியவற்றை அழகுக்காக வைப்பது இன்று பெருவழக்காகிவிட்டது. பழமையைப் போற்றும் மனம் பாராட்டுக்குரியதே. ஆயினும், 'இவை உங்கள் முன்னோருடையவையா?' என வினவினால், 'காரைக்குடியில் வாங்கினோம்' என்பதே பலரின் மறுமொழி. மூதாதையரும் விலைக்குக் கிடைக்கும் காலம் வந்துவிட்டதோ?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் நாடறிந்தவை. அங்கு விற்கப்படும் தூண்களும் கதவுகளும் ஒரு காலத்தில் செட்டிநாட்டு மாளிகைகளின் உறுப்புகளாய் இருந்தவை. அம்மாளிகைகளில் வளவைச் சுற்றியிருந்த அறைகள் மணமான ஆண்மக்களுக்கென ஒதுக்கப்பட்டன. மருமகள் கொண்டுவந்த சீர்ப்பொருள்கள் அங்கே பாதுகாக்கப்பட்டன. தலைமுறைகள் பெருகப் பங்காளிகளும் பெருகினர். பேணுவாரின்றி வீடு இடிக்கப்பட்டபோது அதன் உறுப்புகள் தனித்தனியே விலைபோயின.

முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடொன்று மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. அங்கே தூண் கூரையைத் தாங்குகிறது. அதனால் தன் பொருளையும் உணர்த்துகிறது. நம் வரவேற்பறை மூலையில் நிற்கும் தூணோ எதையும் தாங்கவில்லை. நாம் வாங்கிய குடத்தின் விளிம்பில் வெட்டப்பட்டிருப்பது யாரோ ஒரு பெண்ணின் பெயர். அவள் யாரென்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. இது நினைவு அன்று, நினைவின் வேடம்.

சொந்த முன்னோரின் பொருள்களைக் காப்போரும் இக்குறையினின்று முற்றும் தப்பியவர் அல்லர். அவர்கள் பெருமையை மட்டுமே காட்சிக்கு வைக்கின்றனர். பர்மாத் தேக்கின் வழவழப்பைப் புகழும் நாவு அதன் பின்னிருந்த கடன் தொழிலைச் சொல்வதில்லை. கீழ்பர்மாவின் முக்கிய நெல் விளையும் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார் வசம் இருந்தது. நெல்விலை வீழ்ந்து, கடனை அடைக்க இயலாத உழவர் நிலமிழந்ததால், 1938இல் அது சுமார் 25 விழுக்காடாயிற்று. பின்னர் 1942இல் சப்பானியர் படையெடுப்பின்போது அச்செட்டியார்களே பலவற்றையும் விட்டுவிட்டு ஓடிவர நேர்ந்தது. ஒரே தூணில் தச்சனின் கைத்திறனும், பர்மிய உழவனின் கண்ணீரும், செல்வமிழந்த குடும்பத்தின் துயரும் உறைந்துள்ளன. இவற்றுள் ஒன்றை மட்டும் சொல்வது வரலாறு ஆகாது, விளம்பரமே ஆகும்.

யோர்தானைக் கடந்த இஸ்ரயேலர் ஆற்றிலிருந்து பன்னிரு கற்களை எடுத்து நாட்டியதை யோசுவா நூல் கூறுகிறது. அவை அழகுக்காக நிறுத்தப்பட்டவை அல்ல, 'இக்கற்கள் எதற்காக?' என்று பிள்ளைகள் கேட்கவும், பெற்றோர் விடை கூறவுமே நிறுத்தப்பட்டன. கேள்வியை எழுப்பாத நினைவுச்சின்னம் வெறுங்கல்லே.

ஆதலால், வீட்டை அணிசெய்ய விழைவோர் கடைக்குச் செல்லுமுன் தம் வீட்டுப் பரணில் ஏறிப் பார்ப்பது நன்று. நசுங்கிய செம்பொன்று கிடைத்தாலும் போதும். அது யாருடையது, எவ்வாறு வந்தது, எந்த வறுமையில் அடகுக் கடை வரை போய் மீண்டது என்பதை முதியோரிடம் கேட்டு எழுதி, அந்தத் தாளை அதனுள்ளேயே வைக்கட்டும். முதியோர் இருக்கும்போதே கேட்கவேண்டும். அவர்கள் மறைந்தபின் அச்செம்பும் கடைச்சரக்காகிவிடும்.