நீலி: வில்லிலும் வெள்ளித்திரையிலும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இசக்கியம்மன் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்கள் நம் வீடுகளில் இன்னும் உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த ‘லோகா’ மலையாளப் படத்துக்குப் பேரப்பிள்ளைகள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ரசித்துத்தான் பார்த்தேன். கள்ளியங்காட்டு நீலி அதிலே பெங்களூரில் வாழும் வீரநாயகி. அரசனின் கொடுமைக்கு ஆளான காட்டுச் சிறுமி அவள். ஆகவே அவள் குடிக்கும் இரத்தத்துக்கும் நியாயம் வந்துவிடுகிறது. தீமை முழுவதும் வில்லன் தலையில்.

வில்லுக்காரர் அப்படி வசதி செய்து தருவதில்லை. வஞ்சகமாகக் கொலையுண்டவள் மறுபிறவியில் கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு செட்டியைத் தேடி வந்து பழி தீர்க்கிறாள். (சாகிறவன் வியாபாரி என்பதில் எனக்குச் சற்று உறுத்தல்தான்!) பழையனூர்க் கதையில், வாக்குக் கொடுத்த பாவத்துக்கு வேளாளர் எழுபதுபேரும் தீயில் இறங்குகிறார்கள். அவளையே கும்பிடவும் வேண்டியிருக்கிறது. உடுக்கு முறுகும்போது வரும் நடுக்கம் அதனால்தான்.

எங்கள் சமண நூலான நீலகேசி வேறு வழி போனது. 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்த நூல். மிரட்ட வந்த நீலி, முனிச்சந்திரர் அசையாததைக் கண்டு கொல்லாமையை ஏற்கிறாள். பிறகு வாதம் செய்யக் கிளம்புகிறாள். படத்து நீலிக்கு மனம் மாற வேண்டிய அவசியமே இல்லை. என் குறை அதுதான்.

பாறசாலைக்காரர்களுக்குச் சிதறால் மலை பக்கந்தான். இன்று பகவதி கோயிலாக இருக்கும் அங்கே, பாறையில் அம்பிகை யட்சி இரு பிள்ளைகளோடு நிற்கிறாள். யட்சி என்ற சொல்தானே இசக்கி ஆனது! இசக்கியின் இடுப்புப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிற்பம் நினைவுக்கு வரும்.