நான்காம் தசமதானத்து நீதி

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்த அன்று வீட்டில் எல்லோரும் முதலில் தேடுவது ஏ, பி, சி என்ற சித்திகளை அல்ல. அவற்றோடு அச்சாகியிருக்கும் ஓர் எண்ணைத்தான் தேடுகிறார்கள்: ஒன்று, புள்ளி, அதன்பின் நான்கு இலக்கங்கள். அதுதான் இசட் புள்ளி. அதனோடு மாவட்ட நிலையும் தீவு நிலையும் இருக்கும். மூன்று பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைக்கு மருத்துவபீடம் உண்டா இல்லையா என்பதைத் தீர்ப்பது அந்த எண்தான். பௌதிகவியலில் அவள் நூற்றுக்கு எத்தனை எடுத்தாள் என்பது அந்தத் தாளில் இல்லை.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது புள்ளிவிபரவியலாளரின் வேலை. வினாத்தாள் தயாரிப்பவரையும் விடைத்தாள் திருத்துபவரையும் பற்றி நாம் பேசுகிறோம், குறையும் சொல்கிறோம். இவரை மட்டும் சூத்திரத்தோடு சூத்திரமாக விட்டுவிடுகிறோம். சூத்திரம் பிழைக்காது, ஆகவே இவரும் பிழைக்கமாட்டார் என்பது நம் எண்ணம். சூத்திரம் பிழைக்காது என்பது சரி. ஆனால் சூத்திரத்தைத் தொடும் முன்பே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது: யாரை யாரோடு ஒரே கூட்டமாக எண்ணுவது? இலங்கையின் பல்கலைக்கழக அனுமதியை நிறுத்துப் பார்க்கப் போனால், எல்லா வழக்கும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

முதலில் இசட் புள்ளிக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய புள்ளிகளின் இடையைக் (சராசரியை) கழித்து, மீதியைப் புள்ளிகளின் பரவலைக் காட்டும் நியம விலகலால் வகுத்தால் வருவது அந்தப் பாடத்துக்கான இசட் புள்ளி. மூன்று பாடங்களின் சராசரியே பெறுபேற்றுத் தாளில் வருகிறது. இது வருவதற்கு முன் வெறும் புள்ளிகளைக் கூட்டினார்கள். கூட்டல் நேர்மையானதுபோல் தோன்றும். ஆனால் அது ஓரவஞ்சனை செய்யும். ஒரு பாடத்தில் எல்லோரும் 50க்கும் 60க்கும் இடையில் நெருங்கிக் கிடக்க, இன்னொன்றில் 20இலிருந்து 90 வரை பரந்து கிடந்தால், கூட்டுத்தொகையில் வரிசையைத் தீர்மானிப்பது அந்த இரண்டாம் பாடந்தான். கடினமான வினாத்தாள் வாய்த்த பாடத்தைத் தெரிவுசெய்தவன் அந்தக் காரணத்தாலேயே தோற்பான். இசட் புள்ளி இந்த இரு கோணல்களையும் நிமிர்த்துகிறது. 2000களின் தொடக்கத்தில் அது வந்தது முன்னேற்றமே.

ஆனால் அதன் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: ஒவ்வொரு பாடத்துக்கும் தோற்றும் கூட்டம் திறமையில் ஒத்தது. உயிரியல் பிரிவில் இது பெரிதாக உறுத்தாது. இணைந்த கணிதம் படிப்போர் பௌதிகவியலின் இடையை உயர்த்தினாலும் பௌதிகவியல் எடுக்கும் உயிரியல் பிரிவார் எல்லோருக்கும் இறக்கம் ஒன்றேயாகையால், அவர்களுக்குள் வரிசை மாறாது. கலைப்பிரிவுக்கு வாருங்கள். அங்கே பாடச் சேர்க்கைகள் பல. கெட்டிக்காரர் கூடும் பாடத்தில் நடுவில் நிற்பவருக்குப் பூச்சியம். தளர்ந்த கூட்டம் எடுக்கும் பாடத்தில் அதே ஆற்றலுள்ளவருக்கு ஒன்றுக்கு மேல். இங்கே இசட் புள்ளி ஆற்றலையும் அளக்கிறது, அருகில் அமர்ந்தவர் யார் என்பதையும் அளக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல அதனால் முடியாது.

தமிழருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ்மூல மாணவருக்கு 250 புள்ளி வேண்டியிருந்தது, சிங்களமூல மாணவருக்கு 227 போதும். அது பச்சையான பாகுபாடு, மறைப்பதற்குச் சூத்திரம்கூட இருக்கவில்லை. 1973இல் சூத்திரம் வந்தது: ஒவ்வொரு மொழிமூலத்தாரின் புள்ளிகளையும் தனித்தனியே ஒரு பொது அளவுகோலுக்கு மாற்றுவது. தரப்படுத்தல் என்ற சொல் அங்கிருந்துதான் நம் அரசியலுக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்துகொண்டது.

தரப்படுத்தலை வெறுத்து, இசட் புள்ளியை அறிவியல் என்று வரவேற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒரே குடும்பத்துக் கணக்கு. ஒரு கூட்டத்தின் புள்ளிகளை அந்தக் கூட்டத்தைக் கொண்டே அளந்து, பிறகு கூட்டங்களுக்கிடையே ஒப்பிடுவதே இரண்டின் சாரம். 1973இல் கூட்டத்தின் எல்லை மொழி, இப்போது பாடம். மொழியால் வெட்டியது இனத்தால் வெட்டியதற்குச் சமமாயிற்று, அதனால் அது அநீதி. பாடத்தால் வெட்டுவதற்குக் கல்விசார்ந்த காரணம் உண்டு, அதனால் ஏற்கலாம். கவனியுங்கள், இந்த வேறுபாட்டை நமக்குச் சொன்னது கணிதம் அல்ல.

2011இல் அதே கேள்வி இன்னொரு வாசலால் வந்தது. அந்த ஓகஸ்ட் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் தோற்றியோரும், புதிய பாடத்திட்டத்தில் முதன்முறை தோற்றியோரும் இருந்தார்கள். வினாத்தாள்கள் வேறு. ஆயினும் இருவரையும் கலந்தே இசட் புள்ளி கணிக்கப்பட்டது. வழக்குகள் உயர் நீதிமன்றம் போயின. 2012 யூன் மாதம் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளைச் செல்லுபடியற்றவை என்றது. இரு பாடத்திட்டத்தாரையும் இரு வேறு குடித்தொகையாகக் கொண்டு மீளக் கணிக்கும்படி சொன்னது.

கலந்தால் என்ன கெடும்? கற்பனை எண்களில் பார்ப்போம். பழைய தாளில் இடை 50, புதிய தாளில் 40, இரண்டிலும் நியம விலகல் 20, தோற்றியோர் தொகையும் சமம் என்க. பழைய தாளில் 70 எடுத்தவரும் புதிய தாளில் 60 எடுத்தவரும் தத்தம் கூட்டத்தில் சரியாக 1.00 பெறுவார்கள். கலந்துவிட்டால் பொது இடை 45, நியம விலகல் ஏறக்குறைய 20.6. முன்னவர் 1.21க்கு ஏறுவார், பின்னவர் 0.73க்கு இறங்குவார். மூன்று பாடத்திலும் இப்படி நடந்தால் சராசரியிலும் அதே இடைவெளி. இருவருடைய விடைத்தாளிலும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

நீதிமன்றம் சொன்னது சரி: வெவ்வேறு தாளை ஒரே தாள் என்று பாவனை செய்ய முடியாது. ஆனாலும் பிரித்துக் கணிப்பதிலும் ஒரு பாவனை உண்டு: மீண்டும் தோற்றியோரும் முதன்முறை தோற்றியோரும் திறமையில் சமம் என்பது. ஓராண்டு கூடப் படித்தவர் கூடுதலாகத் தேறியிருக்கலாம். அல்லது நல்ல புள்ளி எடுத்தவர்கள் முன்பே பல்கலைக்கழகம் போய்விட, எஞ்சியோர் மட்டும் திரும்பி வந்திருக்கலாம். இரு தாளிலும் பொதுவான சில வினாக்கள் இருந்தால் ஒப்பிட ஒரு பிடி கிடைக்கும். அது இல்லாதபோது எந்தச் சூத்திரமும் ஓர் ஊகத்தின் மேல்தான் நிற்கும். தீர்ப்பு கெட்ட ஊகத்துக்குப் பதிலாகச் சற்று நல்ல ஊகத்தை வைத்தது.

இனி அந்த நான்கு தசமதானங்கள். நியம விலகல் 20 ஆக உள்ள ஒரு பாடத்தில் ஒரு புள்ளி கூடினால் அப்பாடத்தின் இசட் புள்ளி 0.05 கூடும், மூன்றால் வகுத்தால் சராசரியில் 0.0167. அதாவது கட்டுரை வினா ஒன்றில் திருத்துபவர் ஒரு புள்ளி தாராளமாகப் போட்டால் நான்காம் தசமதானத்தில் 167 படிகள் நகரும். அந்த ஒரு படியைப் புள்ளியாக மாற்றினால் 0.006. ஒரு புள்ளியின் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த அந்த அளவை எந்தத் திருத்துநரும் கையில் பிடித்ததில்லை. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி 25 மாவட்டங்களுக்கும் அந்தத் துல்லியத்தில்தான் வெளியாகிறது.

எங்காவது ஒரு கோடு கீறத்தானே வேண்டும் என்பார்கள். வேண்டும்; இடங்கள் எண்ணப்பட்டவை. ஆனால் வெட்டுப்புள்ளிக்கு இரு பக்கமும் உள்ள ஒடுங்கிய பட்டைக்குள் நடப்பது தேர்வல்ல, குலுக்கல். குலுக்கல் தவறில்லை. அதற்குத் திறமை என்று பெயர் வைப்பதுதான் தவறு. கோட்டுக்குக் கீழே 0.0003இல் நிற்கும் பிள்ளை தன்னைத் தோற்றவளாக எண்ணி, இன்னோராண்டு ரியூசன் வகுப்புக்குப் போவது அந்தப் பெயரால்தான்.

ஆக, என் முடிவு இது. இசட் புள்ளி இருக்கட்டும். வெறும் கூட்டலுக்குத் திரும்புவது பின்னடைவு. ஆனால் அது பாரபட்சமற்ற அளவுகோல் என்ற கூற்று நிற்காது. கூட்டத்தைப் பிரிப்பது கொள்கை முடிவு. அதைக் கணித முடிவாகக் காட்டும் எவரும், தாம் எடுத்த முடிவுக்குப் பொறுப்பேற்காமல் நழுவுகிறார். பரீட்சை நடத்தும் அமைப்பில் புள்ளிவிபரவியலாளரின் முதற்கடமை எண் தருவதல்ல, எண்ணோடு அதன் ஊகத்தையும் தருவது. ஒவ்வொரு பாடத்தின் இடையும் நியம விலகலும் பெறுபேற்றுத் தாளிலேயே அச்சாகட்டும். வெட்டுப்புள்ளியோடு அது எவ்வளவு தளம்பக்கூடும் என்பதும் வரட்டும். யாரை யாரோடு சேர்க்கப்போகிறோம் என்பது பரீட்சைக்கு முன்பே ஒரு பந்தியில் அறிவிக்கப்படட்டும்.

2011 ஓகஸ்டுக்கு முன் அப்படி ஒரு பந்தி வெளியாகியிருந்தால், "வேறு வேறு தாளை எப்படிக் கலப்பீர்கள்?" என்று யாழ்ப்பாணத்திலோ மாத்தறையிலோ ஒரு கணித ஆசிரியர் அந்த வாரமே கேட்டிருப்பார். பிள்ளைகள் பத்து மாதம் காத்திருக்க நேர்ந்திருக்காது.