கருத்தும் ஒப்புதலும்: அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு பற்றி

திருத்தணியும் எங்கள் கார்வேட்டிநகரமும் ஒரே ஜமீனில் இருந்த ஊர்கள். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலம், நாங்கள் ஆந்திரம். எல்லை வகுத்த படாஸ்கர், கிராமத்தையே அலகாகக் கொண்டார் என்று நம்மவர் மெச்சி எழுதுவார்கள். மெச்சத்தக்கதுதான். ஆனால் அந்தக் கிராமத்தானைக் கூப்பிட்டு, "உனக்கு எந்தப் பக்கம் வேணும்?" என்று யாராவது கேட்டார்களா? குடிக்கணக்கில் பதிவான மொழியைத்தான் எண்ணினார்கள். எண்ணுவது வேறு, கேட்பது வேறு. வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்குமாக வாழ்கிறவர்கள் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

குறை படாஸ்கர் மேல் இல்லை. சட்ட வாசகத்திலேயே இருக்கிறது. மாநில எல்லையை மாற்றும் அதிகாரத்தை 3ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. 1950இல் இருந்த வாசகப்படி, சம்பந்தப்பட்ட பேரவையின் கருத்தை அறிந்த பிறகே மசோதா வர முடியும். மொழிவாரி மாநிலங்கள் வரப்போகிற வேளையில், 1955இல், ஐந்தாம் திருத்தம் அதை மாற்றிற்று. குடியரசுத் தலைவர் கெடு வைப்பார். கெடு தாண்டினால் பேரவை வாய் திறக்காவிட்டாலும் மேலே போகலாம். வெறும் நடைமுறைத் திருத்தம் என்பார்கள் சட்டம் படித்தவர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'அறிந்த பின்' என்றிருந்தது 'கேட்டோம், கெடு போச்சு' என்றாகிவிட்டது.

கருத்துச் சொன்னால்தான் என்ன? 2014 ஜனவரியில் ஆந்திரப் பேரவை பிரிவினை மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. தெலங்கானா மக்களின் நியாயம் தனி, அதை நான் மறுக்கவில்லை, வழிமுறையைத்தான் சொல்கிறேன். பங்காளி வேண்டாமென்ற பின்னும் சரக்கை விற்றுவிட்டு, "அவரையும் கேட்டேனே" என்றால் எங்கள் கடைவீதியில் சிரிப்பார்கள்.

4ஆம் பிரிவு இன்னும் வியப்பு. எல்லை மாற்றும் சட்டம் அரசியலமைப்பின் முதல் அட்டவணையையே திருத்துகிறது. ஆயினும் அது 368ஆம் பிரிவின்படியான திருத்தமாகக் கொள்ளப்படாதாம்! சாதாரணப் பெரும்பான்மையே போதும். அந்த 368இலும் குடிமக்களுக்கு இடமில்லை.

மக்களைக் கேட்பது இந்நாட்டில் ஆகாத காரியமுமல்ல. மகாராஷ்டிரத்தோடு இணைவதா என்று 1967 ஜனவரி 16இல் கோவா மக்களிடம் வாக்கெடுத்தார்கள். வேண்டாமென்றார்கள். இணைக்கவில்லை.

ஆனால் வாக்குரிமை வந்துவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் குடிமக்களே கையொப்பம் திரட்டி மாநில அரசியலமைப்பைத் திருத்த முன்வரலாம். 2006இல், இனி 60 விழுக்காடு வேண்டும் என்று விதியை உயர்த்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த உயர்வுக்கே 58 விழுக்காடுகூடக் கிடைக்கவில்லை. பழைய விதிப்படி அது தேறியது. 2024இல் கருக்கலைப்பு உரிமைக்கான திருத்தம் 57க்கு மேல் பெற்றும் தோற்றது.

ஆகையால் 3ஆம் பிரிவில் இரண்டு வரிகள் வேண்டும் என்பேன். எல்லை மாறும் கிராமங்களில் வாக்கெடுக்க வேண்டும் என்பது ஒன்று. எந்த அளவு வாக்கைப் புதிதாகக் கேட்கிறார்களோ, அந்த விதிமாற்றமே முதலில் அந்த அளவைப் பெற்றாக வேண்டும் என்பது மற்றொன்று.