மின்னூலில் அசையும் சித்திரங்கள்: ஒரு திறனாய்வுக் குறிப்பு

2010ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஐபேட் கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, 'ஐபேடுக்கான ஆலிஸ்' என்னும் மின்னூலும் வெளிவந்தது. லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட 'அற்புத உலகில் ஆலிஸ்' கதைக்கு ஜான் டெனியல் வரைந்த சித்திரங்களே இதில் வண்ணம் பெற்று அசைகின்றன. முயலின் கடிகாரம் ஊசலாடுகிறது. கருவியைச் சாய்த்தால் ஆலிஸ் வளர்கிறாள். இதயராணியின்மீது பழப் பணியாரங்களை வீசவும் கூடும்.

இதனை ஆறு வயதான நம் பேரனுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வாசித்துக் காட்டினோம். தொடக்கத்தில் அவன் செவி நம்மிடம் இருந்தது. கடிகாரம் ஆடத் தொடங்கியதும் விரல் திரைக்குச் சென்றது. செவியும் விரலைப் பின்தொடர்ந்தது. முயல் ஏன் விரைந்தோடுகிறது என்று வினவினோம். "இன்னொரு தரம் ஆட்டட்டுமா, தாத்தா?" என்றான். அவனைக் குறைகூற நமக்கு மனமில்லை. அந்தப் பக்கம் அவனிடம் வேறெதனையும் கேட்கவில்லை.

ஆயினும், அசைவே வாசிப்புக்குப் பகை என்று உடனே தீர்ப்புக் கூற இயலாது. கரோலே நம்மைத் தடுக்கிறார். கணித ஆசிரியரான இவர் (1861இல் உதவிக் குருவாக அபிஷேகம் பெற்றும் குருப்பட்டம் பெறாமலே இருந்துவிட்டவர்) ஐந்து வயதுக்குட்பட்ட மழலையருக்கென இக்கதையைத் திருப்பி எழுதி 1890இல் வெளியிட்டார். அதில் முயலின் படத்தருகே, புத்தகத்தைச் சற்றுக் குலுக்கினால் முயல் நடுங்குவதைக் காணலாம் என்று குழந்தைக்குச் சொல்கிறார். வேறோரிடத்தில் தாளின் மூலையை மடித்துப் பார்க்கச் செய்கிறார். பூனை மறைந்து அதன் சிரிப்பு மாத்திரம் எஞ்சுகிறது! இங்கே அசைவு வாக்கியத்தினின்றே பிறக்கிறது. முயல் அஞ்சுகிறது என்னும் சொல் முதலில் செவியில் விழுகிறது. கை பின்னரே எழும்புகிறது. குலுக்கி முடிந்தபின் கண் அடுத்த வரிக்குத் திரும்பியாக வேண்டும், ஏனெனில் தாள் தானாக ஒன்றும் செய்வதில்லை.

இவ்வளவுகோலை மின்னூலுக்கும் வைத்துப் பார்ப்போம். ஆலிஸ் வளரும் காட்சி தேறிவிடுகிறது. உரை சொல்வதையே கை செய்கிறது. பணியாரம் வீசும் காட்சியோ கதைக்கே மாறானது என்பது நம் கருத்து. கதையில் எவரும் அரசியின்மீது எதனையும் வீசுவதில்லை. தலையைக் கொய்யுமாறு ஆணையிடும் அவளையும் அவளது மன்றத்தையும், நீங்கள் வெறும் சீட்டுக்கட்டுத்தானே என்ற ஒரே சொல்லால் ஆலிஸ் கலைத்துவிடுகிறாள். ஒரு சிறுமி அச்சத்தைக் கடந்து வாய்திறப்பதில் அல்லவோ இக்கதையின் உச்சம் இருக்கிறது? அரசியை முன்னதாகவே குறிவைத்து விளையாடிப் பழகிய குழந்தைக்கு அந்தச் சொல்லின் துணிவு எங்ஙனம் விளங்கும்?

வில்லியம் ஜாய்ஸின் 'மோரிஸ் லெஸ்மோர்' மின்னூலை (2011) இத்துடன் எடைபோடுவது முறையன்று. அது அசைபடமாகவே பிறந்த கதை; அப்படம் 2012இல் ஆஸ்கார் விருதும் பெற்றது. அங்கே எழுத்துத்தான் விருந்தாளி.

பின்னொருநாள் பழைய அச்சுப்பிரதியை எடுத்து, முயலின் பக்கத்தைக் குலுக்கிப் பார்க்குமாறு பேரனிடம் கொடுத்தோம். இருமுறை குலுக்கினான். யாருக்குப் பயந்து நடுங்குகிறது என்று கேட்டான். கோமகள் வரும் ஆறாம் அத்தியாயம்வரை அன்றிரவே வாசிக்கும்படி ஆயிற்று.