நினைவாண்டும் நாள்காட்டியும்

ஓர் ஓவியர் பிறந்தோ மறைந்தோ நூறு, ஐந்நூறு ஆண்டுகள் நிறைவதையொட்டிப் பெருங்கண்காட்சி நடத்துவது ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் வேரூன்றிய வழக்கம். இந்த நினைவாண்டு வழக்கத்தின் தலையாய பயன், சிதறிக் கிடக்கும் படைப்புகளை ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்து, ஒப்பிட்டு ஆராய வழிசெய்வதாகும். நெதர்லாந்து ஓவியர் ஹிரோனிமஸ் போஷ் மறைந்த 500ஆம் ஆண்டையொட்டி 2016இல் அவரது சொந்த ஊரில் நடந்த கண்காட்சிக்குப் பின்புலமாகப் பல்லாண்டு ஆய்வு நிகழ்ந்ததும், அதன் விளைவாகச் சில ஓவியங்கள் அவருடையவை அல்ல என ஆய்வாளர்கள் முடிவுகட்டியதும் இதற்குச் சான்று.

எனினும், போஷ் பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரியாததால் அவரை இறந்த ஆண்டைக் கொண்டே கொண்டாட வேண்டியிருந்தது என்பது இவ்வழக்கத்தின் குறையையும் காட்டிவிடுகிறது: ஆவணத்தில் நாள் பதிந்தவர்க்கே விழா கிடைக்கிறது, பெயரறியாக் கைகளும், படத்தை வாங்கி வைத்திருந்தோரும் கணக்கில் வருவதில்லை.

இக்குறை மலேசியாவின் கெடா மாநிலத்திலிருந்து பார்க்கையில் தெளிவாகப் புலப்படும். ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தின் ஒளி நிழல் முறையைத் தெய்வ உருவங்களுக்குக் கொணர்ந்த ரவி வர்மா (1848–1906), 1894இல் தொடங்கிய அச்சகத்தில், நிறத்துக்கொரு கல்லாகப் பல கற்களில் அச்சேற்றும் முறையால் அவற்றைப் பெருக்கினார். பின்னர் கோவில்பட்டி சி. கொண்டையா ராஜுவும் (1898–1976) அவர்தம் மாணவர்களும் வரைந்த படங்கள் சிவகாசி அச்சகங்களின் நாள்காட்டிகளில் பரவின. பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டத்து லயங்களில் ஐரோப்பிய ஓவிய மரபு நுழைந்த வாசல் இத்தகைய ‘சாமி படம்’தான். ஆண்டு முடிந்ததும் தேதித் தாள் குப்பைக்குப் போக, படம் மட்டும் சட்டமிடப்பட்டுச் சாமி மேடை ஏறியது.

2023இல் ரவி வர்மாவுக்கு 175ஆம், கொண்டையா ராஜுவுக்கு 125ஆம் பிறந்த ஆண்டு நிறைந்தது. இத்தகைய நிறைவுகளை ஓவியரின் வாழ்க்கைக் குறிப்போடு முடித்துக்கொள்வதினும், படங்கள் சென்று சேர்ந்த இடங்களை ஆராயும் வாய்ப்பாகக் கொள்வதே தகும். தோட்டங்களை விட்டுச் சுங்கைப் பட்டாணித் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தோர், குப்பையில் போட மனமின்றிக் கோயில் மரத்தடியில் விட்டுச்செல்லும் பழைய படங்களின் அடியில் ஓவியர் கையொப்பமும் அச்சகப் பெயரும் சிலவற்றிலேனும் எஞ்சியிருக்கும். மழையில் நனைந்து அவை அழியுமுன் பதிவு செய்வதற்கு எந்த நூற்றாண்டு நிறைவும் தேவையில்லை.