கல்வெட்டில் வாத்தியார் சம்பளம் எங்கே?

இருங்காட்டுக்கோட்டையில் ஆரம்பித்து ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று போனால், பல அரசுப் பள்ளிகளின் சுவர்களில் ஏதாவது ஒரு கம்பெனியின் பெயரைப் பார்க்கலாம். கழிப்பறை, குடிநீர் இயந்திரம், ஸ்மார்ட் போர்டு, பெஞ்சு. திறந்து வைத்தவர் பெயர், தேதி, லோகோ. இதையெல்லாம் நக்கல் பண்ண மாட்டேன். ஒழுங்கான கழிப்பறை இல்லாத பள்ளியில் படித்த எவருக்கும் அதன் அருமை தெரியும்.

நான் பார்க்க நினைப்பது வேறு. பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு பள்ளி பிள்ளைக்குத் தர வேண்டியது நிறைய இருக்கிறது: பாட்டு, ஓவியம், செஸ், அறிவியல் சோதனை, நாடகம், பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கதைப் புத்தகம். இதற்கெல்லாம் ஊர்ப் பணமும் கம்பெனிப் பணமும் எப்படி வந்து சேருகிறது? வந்தால் எத்தனை நாள் தங்குகிறது?

தமிழ்நாட்டில் இதற்கென்று இருக்கும் பெரிய வாய்க்கால் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' அறக்கட்டளை. 2022 டிசம்பர் 19 அன்று முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார், தன் பங்காக 5 லட்சம் கொடுத்தார். டிவிஎஸ் வேணு சீனிவாசன் தலைவர், விஸ்வநாதன் ஆனந்த் தூதர். முன்னாள் மாணவர், வெளிநாட்டுத் தமிழர், கம்பெனி என்று யார் வேண்டுமானாலும் பள்ளியைத் தேர்ந்தெடுத்து அதன் தேவைக்குப் பணம் தரலாம்.

முதலில் பாராட்டிவிடுகிறேன். இதற்கு முன்பு கம்பெனிப் பணம் பெரும்பாலும் மெயின் ரோட்டுப் பள்ளிக்கும், நாலு பேரிடம் பேசத் தெரிந்த தலைமை ஆசிரியர் இருக்கும் பள்ளிக்கும்தான் போனது. உள்ளே தள்ளி இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். எல்லாப் பள்ளியின் தேவையும் ஒரே இடத்தில் தெரிகிறது என்பதே பெரிய மாற்றம்.

என் விமர்சனம் தேவை என்ற சொல்லில் ஆரம்பிக்கிறது. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு சிஸ்டத்தை வாங்கி நிறுவப் பட்ஜெட் கேட்டால் உடனே கிடைக்கும். அதை அஞ்சு வருஷம் பராமரிக்க ஆள் கேட்டால் மேலே இருப்பவர்கள் முகம் மாறிவிடும். நன்கொடையும் அப்படித்தான். பெஞ்சு ஒரு பொருள், எண்ணலாம், படம் எடுக்கலாம். ஆனால் செஸ் என்பது போர்டு இல்லைங்க. வாரம் ரெண்டு நாள் சாயங்காலம் வந்து, தோற்ற பிள்ளைக்கு எந்த நகர்த்தலில் தோற்றான் என்று காட்டும் ஒரு ஆள். நூலகம் என்பது அலமாரி இல்லை. பூட்டைத் திறந்து வைத்துப் புத்தகத்தைக் கையில் கொடுக்கும் ஒரு ஆள். நம்மிடம் பொருளுக்குத்தான் கணக்குத் தலைப்பு இருக்கிறது, ஆளின் மணி நேரத்துக்கு இல்லை.

"சட்டமே அப்படித்தானே" என்று சிஎஸ்ஆர் வேலையில் இருப்பவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி தன் முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கணக்கு மார்ச் 31இல் முடிகிறது. அதற்குள் செலவு பண்ணியாக வேண்டும் என்ற அவசரம் ஜனவரியில் தொடங்கும். பள்ளியில் மார்ச் என்றால் பொதுத்தேர்வு. அந்த மாதத்தில் நாடகப் பயிற்சி தொடங்க முடியுமா? முடியாது. ஆனால் லாரியில் பெஞ்சு வந்து இறங்கலாம்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2021 ஜனவரி 22 முதல், ஒரு அமைப்பின் மூலதன நிதிக்குத் தரும் பணம் சிஎஸ்ஆர் செலவாக ஏற்கப்படாது. அதாவது முதலைத் தொடாமல் வட்டியில் ஒரு ஓவிய ஆசிரியரை வருஷக்கணக்கில் வைத்திருக்க சிஎஸ்ஆர் பணத்தால் வழி கிடையாது. பணத்தை வாங்கி உட்கார்ந்திருக்கும் அறக்கட்டளைகளைத் தடுக்க வந்த விதி, காரணம் புரிகிறது. ஆனால் வருடாவருடம் வேண்டிய செலவுகளுக்கு இருந்த ஒரு கதவும் அதோடு மூடிவிட்டது.

மறு பாதியையும் சொல்ல வேண்டும். கல்வித் திட்டத்தில் வேலை செய்யும் ஆசிரியரின் சம்பளம் திட்டச் செலவுதான், 5 சதவீத வரம்புள்ள நிர்வாகச் செலவில் அது வராது என்று கம்பெனி விவகார அமைச்சகமே விளக்கம் கொடுத்திருக்கிறது. ஒரு திட்டத்தைத் தொடங்கிய ஆண்டு போக இன்னும் 3 ஆண்டு வரை நடத்தலாம். மொத்தம் 4 நிதியாண்டு. ஆறாம் வகுப்பில் பாட்டு கற்க ஆரம்பித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பு வரை அதே வாத்தியாரிடம் கற்கலாம். சட்டம் இதைத் தடுக்கவில்லை. கேட்கத்தான் ஆள் இல்லை.

கல்வெட்டு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது திருமுக்கூடல். பாலாற்றங்கரையில், இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், வெங்கடேசப் பெருமாள் கோயில். அங்கே 11ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கை கொண்ட மருத்துவமனை பற்றியது என்று பலருக்குத் தெரியும். அதில் ஒரு கல்விச்சாலையும் விடுதியும் வருகின்றன. ஆசிரியருக்கு எவ்வளவு நெல், மாணவர் சாப்பாட்டுக்கு எவ்வளவு, இரவு விளக்குக்கு எவ்வளவு எண்ணெய், சனிக்கிழமைக் குளியலுக்கு எவ்வளவு எண்ணெய் என்று வரிசையாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வேதம் படித்தவர்களுக்கான கல்விச்சாலை அது, ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் உள்ளே போக முடியாது. அந்தப் பெருமையை நான் பேச வரவில்லை. கணக்கு எழுதிய விதத்தைத்தான் சொல்கிறேன். ஓடுகிற செலவைக் கல்லில் எழுதினார்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு விட்டு, அவற்றை 'சாவா மூவாப் பேராடு' என்று அழைத்ததும் இதே கணக்குதான். மந்தை குறையக் கூடாது, நெய் மட்டும் வர வேண்டும். மூலதன நிதிக்கு இதைவிட நல்ல தமிழ்ப் பெயர் எனக்குத் தெரியவில்லை.

இன்றைய பள்ளிச் சுவர்க் கல்லில் திறந்து வைத்தவர் இருக்கிறார், வாத்தியார் இல்லை.

வாத்தியார் என்றதும் அரசின் பக்கமும் திரும்ப வேண்டும். 2012இல் ஓவியம், இசை, உடற்கல்வி, கணினி போன்றவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு அரசு எடுத்தது. வாரத்தில் 3 அரை நாள் வேலை. சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது, பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல வருஷமாகப் போராடி வருகிறார்கள். பள்ளியில் பாட்டும் படமும் உயிரோடு இருப்பதற்குக் காரணமே இவர்கள்தான். இவர்களை இப்படி வைத்துக்கொண்டு, கலைக்கும் விளையாட்டுக்கும் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும் என்று அரசு நழுவினால் அதை எந்த நன்கொடையும் ஈடுகட்டாது. காமராசர் காலத்து மதிய உணவு முதலில் ஊராரின் பங்களிப்போடுதான் ஓடியது. பிறகு அரசு செலவை ஏற்றதால்தான் நிலைத்தது. அறக்கட்டளை முன்னால் நடந்து காட்ட வேண்டும், அரசு பின்னால் வந்து சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். நம்மிடம் இப்போது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே கம்பெனியை நம்பினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நோக்கியா 2006இல் இங்கே உற்பத்தி தொடங்கியது, 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. முதல் நாள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பைத் தொடுவதற்குள் ஆலையே போய்விட்டது. அதனால்தான் பல கைகளின் பணம் ஒரு பொதுப் பானையில் விழ வேண்டும் என்கிறேன்.

இந்தப் பானை யோசனை 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஃப்ரெடரிக் காஃப் என்ற வங்கிக்காரர் தொடங்கியது. ஊரார் பணம், ஊரார் குழு, செலவு பண்ண வட்டி. நமக்கு அந்தக் குழு ஏற்கனவே இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது அவர்கள் வேலை. அதில் "வாரம் 4 மணி நேரம் பாட்டு, ஒரு ஆள்" என்று எழுத ஒரு கட்டம் இருந்து, அறக்கட்டளையின் பட்டியலிலும் அது அப்படியே தெரிந்தால் போதும். மூலதனத்துக்கு சிஎஸ்ஆர் பணம் ஆகாதுதான். முன்னாள் மாணவர் தன் பையிலிருந்து தரும் ஆயிரம் ரூபாய்க்கு அந்தத் தடை கிடையாது.

2024 டிசம்பர் கடைசியில், அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகளுக்குத் தத்துக் கொடுக்கிறார்களா என்று பெரிய சர்ச்சை ஓடியது. அமைச்சர் மறுத்தார். பள்ளி யாருடையது என்று சண்டை போட்டோம், நல்லதுதான். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பள்ளியில் யார் இருக்கிறார்கள் என்று அந்தச் சண்டையில் ஒருவரும் கேட்டதாக நான் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு சிக்கல், இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. கலிஃபோர்னியாவில் 1978இல் சொத்து வரிக்கு உச்சவரம்பு வந்த பிறகு உள்ளூர்ப் பள்ளி அறக்கட்டளைகள் பெருகின. பணக்கார ஊர்கள் நிறையத் திரட்டின, ஏழை ஊர்களால் முடியவில்லை. இங்கேயும் ஆலை இருக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்லி 135ஆம் பிரிவே சொல்கிறது. இதே மாவட்டத்தில் உத்திரமேரூர் பக்கம் வயல்தான் அதிகம், லோகோ போட ஆலை குறைவு. அங்கே இருக்கும் பள்ளிக்கும் ஒரு பங்கு போகிற மாதிரி, ஒரகடத்தில் விழும் ஒவ்வொரு ரூபாயிலும் ஒரு பகுதியை மாவட்டப் பானைக்கு ஒதுக்க அறக்கட்டளை விதி போடலாம். கம்பெனிகள் ஒத்துக்கொள்ளுமா என்பது, அந்தப் பள்ளிச் சுவரிலும் அவர்கள் பெயரை எழுத விடுகிறோமா என்பதைப் பொறுத்தது. எழுதிவிட்டுப் போகட்டும், பக்கத்தில் வாத்தியார் பெயரும் இருந்தால்.